வெளிச்சவீட்டுக் கதையில் மிச்சமிருக்கும் மூன்று அத்தியாயங்கள்

எட்டாம் வாய்க்கால் வாசிகசாலையின் தலைவர், ஓய்வுபெற்ற உப அதிபர் திரு. ஏரம்பு அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அமரரின் துணைவியார், அன்புக்குரிய இராசேஸ்வரி அக்கா அவர்களே, வவுனியாவிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருக்கும் வியாபாரி நளீர் அவர்களே, வட்டக்கச்சி மக்களே! உங்கள் எல்லோருக்கும் அமராவதியின் துயரம் தோய்ந்த வணக்கம். நான் இந்த வாசிகசாலையின் செயலாளர். அதற்கு முன் இந்தக் குடியேற்றத் திட்டத்தின் மருத்துவிச்சி, உங்கள் ‘மிசி’. இங்கே இருப்பவர்களில் பாதிப் பேரை முதன்முதல் கையில் ஏந்தியவள் நான்தான். அந்த உரிமையில் இன்று சற்று உரத்துப் பேசப்போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்காதவர்களுக்கு வாசல் திறந்திருக்கிறது.

சற்று முன் தலைவர் தமது உரையில் ஒரு வார்த்தை சொன்னார். “அமரர் ஓவசியர் அப்புத்துரை அவர்கள் உயர்ந்த நூல்களையன்றி வேறெதையும் தொட்டறியாதவர்” என்றார். மேடையில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். எனக்குக் கதிரையில் இருப்புக்கொள்ளவில்லை. செத்தவரைப் புகழ்வது நம் வழக்கம். சரி, புகழுங்கள். அதற்காக ஆளையே மாற்றிவிடுவதா? நேற்று வரை நம்மோடு இருந்த மனிதரைக் குளிப்பாட்டி, விபூதி பூசி, அவர் வாசித்த புத்தகங்களையும் கையிலிருந்து பறித்துவிட்டா வழியனுப்புவது?

மக்களே, நான் சொல்கிறேன், கேளுங்கள். ஓவசியர் அப்புத்துரை உளவுக் கதை வாசித்தவர். ஒளித்து வாசித்தவரல்லர். நாலுபேர் கேட்க உரத்து வாசித்தவர். இரட்டை வேடக்காரர்களையும் கள்ளக் கடவுச்சீட்டுகளையும் இந்த ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் அவர்தான். அதைச் சொல்ல வெட்கப்படுகிறவர்கள் அவருக்கு மாலை போட வரக்கூடாது.

இந்தப் பழக்கம் எங்கே தொடங்கியது? வாய்க்கால் கட்டில் தொடங்கியது. அவர் நம் வாய்க்கால்களுக்கு மேற்பார்வையாளராக வந்த காலம். சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். தன் முறை வரும்வரை ஒவ்வொரு கமக்காரனும் மண்வெட்டியோடு கட்டில் குந்தியிருக்க வேண்டும். காத்திருக்கிறவன் சும்மா இருப்பானா? அவன் கள்ளமாய் மடை திறந்தான், இவன் வரம்பை வெட்டினான் என்று சண்டை பிடிப்பான். அந்தச் சண்டையில் மண்டை உடைந்து வந்தவர்களுக்கு நானே கட்டுப் போட்டிருக்கிறேன். ஓவசியர் ஐயா ஒருநாள் சைக்கிள் கரியரில் கட்டியிருந்த பையை அவிழ்த்து ஒரு புத்தகத்தை எடுத்தார். “சண்டையைப் பிறகு பிடியுங்கோ, இதைக் கொஞ்சம் கேளுங்கோ” என்று வாசிக்கத் தொடங்கினார். அன்றைக்கு ஒருவர் மண்டையும் உடையவில்லை.

நல்லதம்பி அண்ணை அதோ பின்னால் நிற்கிறார். தூணுக்குப் பின்னால் மறைய வேண்டாம் அண்ணை, உங்களைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். அவருடைய முறை வந்தது. மடையைத் திறந்துவிட்டுக் கதை கேட்க வந்து குந்திவிட்டார். தண்ணீர் அவர் வயலை நிரப்பி, வரம்பு மேவி, பக்கத்தில் அன்னபாக்கியம் அக்கா விதைத்திருந்த முளைநெல்லை அள்ளிக்கொண்டு போயிற்று. அக்கா வந்தார். வந்த வரத்தில் வாய்க்காலே வற்றியிருக்க வேண்டும்.

“உன்ரை கண் எங்கையடா இருந்தது?”

“கோவிக்காதேங்கோ அக்கா. அவன் கப்பலுக்குள்ளை நிக்கிறான். அவனைத் தேடுற ஆக்களும் அதே கப்பலிலை ஏறிட்டினம்.”

“ஆரடா அவன்?”

ஓவசியர் ஐயா புத்தகத்தை மடித்துவிட்டு, “இருங்கோ பிள்ளை, முதல்லை இருந்து சொல்லுறன்” என்றார். அக்கா வரம்பில் குந்தினார். நல்லதம்பி அண்ணை பிறகு விதைநெல் கொடுத்தார், அது வேறு விஷயம். அடுத்த முறைத் தண்ணீருக்கு அன்னபாக்கியம் அக்கா எல்லோருக்கும் முன்னால் வந்து, குந்துவதற்குச் சாக்கும் விரித்துவிட்டார். அதன்பிறகுதான் ஐயா வாசிப்பை வயலிலிருந்து எடுத்து, ஞாயிறு பின்னேரங்களில் இந்த வாசிகசாலையில் வைத்தார். நெல்லும் தப்பியது, கதையும் தப்பியது.

அந்த ஞாயிறு வாசிப்புக்கு அவர் வகுத்த சட்டத்தை நீங்கள் அறிவீர்கள். வாசித்துக்கொண்டிருக்கிற புத்தகம் வீட்டுக்குப் போகாது. வாசித்து முடிய அது அலுமாரிக்குள் போகும், அலுமாரி பூட்டப்படும். வாசிக்கிற அவரே அடுத்த அத்தியாயத்தைப் புரட்டமாட்டார். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரிய வேண்டும் என்பார். முடிவை முன்கூட்டிச் சொல்கிறவனை அவர் என்னவென்று சொல்வார்? “மற்றவன்ரை வரம்பை வெட்டுறவன்” என்பார். கமக்காரர்களுக்கு அதைவிடப் பெரிய வசை உண்டா?

உளவுக் கதையில் என்ன இருக்கிறது என்று மேடையில் இருக்கும் சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கதை என்றால் கண்ணீர் வர வேண்டுமாம். ஐயா, நமக்குக் கண்ணீருக்கு என்ன பஞ்சம்? இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, சட்டி பானையைவிட அதைத்தானே நாம் கூடச் சுமந்தோம்? நானும் ஒருநாள் அவருடைய பிரஷரைப் பார்த்துக்கொண்டே கேட்டேன், இதில் அப்படி என்ன ருசி என்று. அவர் சொன்னார்:

“மிசி, துவக்குச் சூடு வாற இடத்தை நான் ஓடி ஓடி வாசிச்சிடுவன். அது எங்களுக்கு இஞ்சை சும்மா கிடைச்சது. எனக்குப் பிடிச்சது ரெண்டுபேர் மேசையிலை இருந்து தேத்தண்ணி குடிக்கிற இடம். ஒருத்தன் பொய் சொல்லுறான். அது பொய் எண்டு மற்றவனுக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டு, சீனி காணுமோ எண்டு கேக்கிறான். அந்த இடத்திலை என்ரை நெஞ்சு அடிக்கிற அடி இருக்கே…”

“அது நெஞ்சு வருத்தம் ஐயா” என்றேன்.

“அதுவும்தான்” என்று சிரித்தார்.

இன்னொன்றும் சொல்வார். மற்றக் கதைகளில் பெரிய மனிதர்கள்தான் பெரிய காரியம் செய்வார்கள். உளவுக் கதையில் ரிக்கற் கிழிக்கிறவன், கோட்டுக்குப் பொத்தான் தைக்கிறவள், கடிதம் கொண்டுவருகிறவன், இவர்களில் யாரையும் பார்க்காமல் விட்டுவிட முடியாது. விட்டால் கதை கையை விட்டுப் போய்விடும். ஆகவே உளவுக் கதை வாசிக்கிறவன் எதிரே வருகிறவனின் முகத்தைப் பார்க்கப் பழகுகிறான். அவர் அப்படிப் பார்த்தவர். யார் வீட்டில் இரண்டு நாளாய் அடுப்பு எரியவில்லை என்று யாரும் சொல்லாமலே கண்டுபிடித்தவர். எங்கே படித்தார் அதை? உயர்ந்த நூல்களிலா?

போர்நிறுத்தம் வந்து பாதை திறந்த பிறகு மாதம் ஒருமுறை வவுனியாவுக்குப் போவார். அங்கே நளீர் நானாவின் கடையில் ஒரு பெட்டி நிறையப் பழைய புத்தகங்கள் அவருக்கென்றே ஒதுக்கிக் கிடக்கும். நானா, நீங்கள் தலையாட்டுகிறீர்கள். வரும் வழியில் சோதனைச் சாவடி. எந்தப் பக்கத்துச் சாவடி என்று கேட்காதீர்கள், இரண்டு பக்கத்திலும் பையைக் கொட்டித்தான் பார்த்தார்கள். ஒருமுறை காவலில் நின்றவர் அட்டையில் தொலைநோக்கியும் வரைபடமுமாய் இருந்த புத்தகத்தைத் தூக்கி, இது என்ன என்று கேட்டார். நாமாக இருந்தால் என்ன சொல்லியிருப்போம்? தெரியாது, யாரோ தந்தது என்றிருப்போம். கோயில் புத்தகம் என்றும் சொல்லியிருப்போம். இவர், “உளவுக் கதை தம்பி” என்றார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் அவரைத் தெரியாதவர்கள் போல விலகி நின்றார்களாம்.

யார் உளவாளி என்று கேட்டார் காவல்காரர். “அதைச் சொன்னால் பிறகு வாசிக்கிறதிலை என்ன இருக்கு?” என்றார் ஓவசியர் ஐயா. காவல்காரர் நின்ற நிலையிலேயே முதல் பக்கத்தைப் புரட்டினார். இரண்டாம் பக்கத்தையும் புரட்டினார். பஸ்காரன் புறப்பட ஹோன் அடிக்கிறான். கடைசியில் ஐயா அந்தப் புத்தகத்தைச் சாவடியிலேயே இரவல் கொடுத்துவிட்டு வந்தார். அடுத்த மாதம் போகும்போது புத்தகம் திரும்பி வந்தது, அட்டையைக் கவனமாய்ப் பசை வைத்து ஒட்டி. அந்த மனிதர் கதையில் வேறு ஆளை உளவாளி என்று நினைத்து ஏமாந்து போனாராம். சாவடியில் நின்றவனுக்கு இருந்த நாகரிகம் நம் வாசிகசாலைக்கு இல்லாமல் போயிற்றே. அதைத்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

இவ்வருடம் நாம் வாசித்தது வெளிச்சவீட்டுக் கதை. ஒரு துறைமுக ஊர், கரையில் கப்பல்களுக்கு வழிகாட்டும் வெளிச்சவீடு. கப்பல் புறப்படுகிற செய்தி யாரோ ஒருவரால் எதிரிக்குப் போய்க்கொண்டிருக்கிறது. சந்தேகம் நாலு பேரில்: வெளிச்சவீட்டுக் காவலாளி, வைத்தியர், தையல்காரி, பாதிரியார். ஓவசியர் ஐயாவுக்குக் கண்ணில் வெண்படலம் விழுந்திருந்தபடியால் நான் வாசித்தேன், அவர் பக்கத்தில் இருந்து கேட்டார். ஊரே நாலாய்ப் பிரிந்தது. நல்லதம்பி அண்ணை வைத்தியர்தான் என்று சூடம் அடித்துச் சத்தியம் செய்யத் தயார். பெண்கள் தையல்காரியை விட்டுக்கொடுக்கவில்லை. மூன்று அத்தியாயங்கள் மிச்சம் இருக்கையில் ஐயாவுக்கு நெஞ்சு வருத்தம் கூடி, வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எல்லோரும் சேர்ந்து என்ன சொன்னீர்கள்? “மிசி, மூடி வையுங்கோ. ஐயா வரட்டும். அவர் இல்லாமல் எங்களுக்கு முடிவு வேண்டாம்” என்றீர்கள். அந்தச் சொல்லுக்காக இந்த ஊரைக் கும்பிடுகிறேன்.

அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த நேரத்தில் நம் நிர்வாகக் குழு என்ன செய்தது? தீர்மானம் போட்டது. உளவு, துரோகம், காட்டிக்கொடுப்பு என்று வருகிற கதைகள் மக்களுக்குள் சந்தேகத்தை விதைக்குமாம். ஆகவே அந்த அலுமாரியை வெறுமையாக்கி, புத்தகங்களை உரப்பைகளில் கட்டி, இந்தக் கட்டடத்தின் பின்னால் இருக்கும் ஒழுகுகிற களஞ்சிய அறையில் போட்டுப் பூட்டினார்கள். நான் ஒருத்தி எதிர்த்தேன். ஒரு கை உயர்ந்தால் யார் எண்ணுவார்கள்?

சந்தேகத்தை விதைக்குமாம்! விதைக்காமலே விளைந்த மண் அல்லவா இது? இங்கே எந்த வீட்டைச் சந்தேகம் எட்டிப் பார்க்கவில்லை? எத்தனை பேரை, இவர் அவருடைய ஆளாம், அவர் இவருடைய ஆளாம் என்று நாமே கதைத்து ஒதுக்கினோம்? அந்தச் சந்தேகங்களில் ஒன்றாவது தீர்ந்ததா? யாராவது வந்து, இவர்தான் செய்தார், மற்றவர்கள் சுத்தம் என்று நமக்குச் சொன்னார்களா? உளவுக் கதையில் மட்டும்தான் கடைசிப் பக்கத்தில் சந்தேகம் முடியும். பழி சுமந்தவன் தலை நிமிர்ந்து வீட்டுக்குப் போவான். அதற்காகத்தான் நாம் ஞாயிறு தோறும் வந்து குந்தியிருந்தோம். வேறெங்கே கிடைக்கும் அது நமக்கு?

ஐயா திரும்பி வந்ததும் செய்தி கேட்டு, படுத்திருக்கவில்லை. சைக்கிள் கரியரில் இருத்தி உருட்டிக்கொண்டு வரச் சொல்லி, குழுக் கூட்டத்துக்கே வந்தார். “எல்லாத்தையும் தாங்கோ எண்டு கேக்கேல்லை. வாசிச்சுக்கொண்டிருந்த அந்த ஒண்டை முடிக்க விடுங்கோ” என்றார். அப்போது தலைவர் எழுந்தார். எழுந்து, அந்தக் கதை எவ்வளவு கேடானது என்று விளக்கினார். விளக்கிய வேகத்தில், “இன்னாரே காட்டிக்கொடுக்கிறவராக வருகிற ஒரு கதையை நம் பிள்ளைகளுக்கு எப்படிக் கொடுப்பது?” என்று கேட்டார்.

இன்னார் என்று நான் சொல்கிறேன். அவர் ஆளையே சொன்னார். நாலு பேரில் யார் என்று, ஐயாவின் முகத்துக்கு நேரே சொன்னார். பயப்படாதீர்கள், நான் உங்களுக்குச் சொல்லமாட்டேன். அன்று அந்த அறையில் இருந்தவர்களும் எனக்குப் பயந்து இன்றுவரை வாய் திறக்கவில்லை.

எல்லோருக்கும் ஒரே கேள்விதான். கடைசி அத்தியாயத்தில் உள்ளது தலைவருக்கு எப்படித் தெரியும்? அலுமாரிப் பூட்டின் திறப்பு தலைவரிடம். வாசிகசாலைத் திறப்பும் தலைவரிடம். மக்களே, நாம் எல்லோரும் நோயாளிக்காகக் காத்திருந்த நேரத்தில், இந்த மனிதர் தனியே இருந்து அதை முழுக்க வாசித்து முடித்திருக்கிறார்! வாசித்துவிட்டுத்தான் தடை செய்திருக்கிறார்!

ஓவசியர் ஐயா என் தோளைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் வாய் திறந்தார். “மிசி, நாங்கள் எல்லாருமாய்ச் சிரிச்ச அந்தக் கப்பல்துறைக் கட்டத்திலை அந்த மனுசனும் சிரிச்சிருப்பார் என்ன? தனிய இருந்து சிரிச்சிருப்பார். ஒருத்தருக்கும் சொல்லேலாது. பாவம்” என்றார். அவர் மன்னித்தார். அது அவருடைய பெருந்தன்மை. எனக்கு அவ்வளவு பெருந்தன்மை கிடையாது.

“முடிவுதான் தெரிஞ்சுபோச்சே ஐயா, இனி என்ன?” என்று கேட்டேன்.

“தெரிஞ்சால் என்ன? இனித்தான் வடிவாய்க் கேக்கலாம். ஆள் ஆரெண்டு தெரியும். அந்தாள் எப்பிடி மறைக்குது எண்டு பாப்பம். திறப்பை மட்டும் வாங்கிக்கொண்டு வாங்கோ” என்றார்.

திறப்புக்கு நான் போனேன். “தீர்மானம் எண்டால் தீர்மானம்தான் மிசி. அருவிவெட்டு முடியக் குழு கூடும், அப்ப பாப்பம்” என்றார் தலைவர்.

“அருவிவெட்டு மட்டும் அவர் தாங்கமாட்டார்.”

“உப்பிடிச் சொல்லாதேங்கோ. நான் ஒரு நல்ல புத்தகம் தாறன், அதைக் கொண்டுபோய் வாசிச்சுக் காட்டுங்கோ” என்று ஒன்றை எடுத்துத் தந்தார். என்ன புத்தகம் தெரியுமா? யாக்கை நிலையாமை! சாகக்கிடக்கிற மனிதனுக்கு உடம்பு நிலையில்லாதது என்று புத்தகம்! அவருக்கு அது தெரியாதா? படுக்கையில் கிடந்தபடி ஐயா கேட்டார், என்ன புத்தகம் என்று. சொன்னேன். “இதிலை முடிவு முதல் பக்கத்திலையே தெரியுதே மிசி” என்றார்.

நான் பிறகும் போனேன். பிறகும் அருவிவெட்டு என்றார்கள். வயலில் நெல் அறுவடைக்குப் பழுத்துக்கொண்டிருந்தது. போன வியாழக்கிழமை காலை, இராசேஸ்வரி அக்கா அவருக்குத் தேத்தண்ணி பருக்கும்போது, “திறப்பு வந்ததே?” என்று கேட்டிருக்கிறார். அக்கா, “வருமப்பா” என்றிருக்கிறார். அதுதான் அவர் கேட்ட கடைசிக் கேள்வி.

அவர் சொத்துக் கேட்டாரா? பதவி கேட்டாரா? மூன்று அத்தியாயங்கள் கேட்டார். ஒரு பின்னேரத்து வாசிப்பு. ஊருக்கெல்லாம் முறை தவறாமல் தண்ணீர் விட்ட மனிதருக்கு, அவருடைய முறை வந்தபோது நாம் மடையைப் பூட்டி வைத்தோம். இதைச் சொல்லாமல், அன்னார் பண்பாளர், பழக இனியவர் என்று பேசிவிட்டுப் போக என்னால் முடியாது.

இரங்கல் கூட்டத்தில் பேசுகிறவர்கள் கடைசியில், அமரரின் பணியைத் தொடர்வோம் என்று உறுதி சொல்வது வழக்கம். நானும் சொல்கிறேன். ஆனால் வாயால் மட்டும் சொல்லமாட்டேன். தலைவர் அவர்களே, களஞ்சிய அறைத் திறப்பு உங்கள் சட்டைப் பையில் இருக்கிறது. அதைத் தாருங்கள். குழு கூட வேண்டும் என்கிறீர்களா? இதோ ஊரே கூடியிருக்கிறது. இந்தக் கூட்டத்தைவிடப் பெரிய குழு எது? ஓவசியரின் புத்தகங்கள் மறுபடி அலுமாரிக்குள் போக வேண்டும் என்கிறவர்கள் கையை உயர்த்துங்கள்.

பார்த்தீர்களா தலைவர்? மேடையிலும் உயர்ந்திருக்கிறது. அன்னபாக்கியம் அக்கா இரண்டு கையையும் உயர்த்தியிருக்கிறார்.

நன்றி. நல்லதம்பி அண்ணை, இந்தாருங்கள் திறப்பு. பின்னால் போய் உரப்பைகளை அவிழ்த்து, வெளிச்சவீட்டுக் கதையைக் கொண்டு வாருங்கள். கடைசிப் பக்கத்தைப் பார்த்தீர்களோ, தெரியும்தானே என்னை.

நிகழ்ச்சி நிரலில் அடுத்ததாக இரண்டு நிமிட மௌனம் என்று இருக்கிறது. செயலாளர் என்ற முறையில் அதை மாற்றுகிறேன். அவர் போதுமான அளவு மௌனமாய்க் கிடந்துவிட்டார். மௌனத்துக்குப் பதிலாக அந்த மூன்று அத்தியாயங்களும் இப்போது, இவ்விடத்தில், அவருடைய படத்துக்கு முன்னால் வாசிக்கப்படும். வேலை இருக்கிறவர்கள் போகலாம். ஒருவரும் எழும்பக் காணவில்லை. நல்லது.

வாசிக்கப்போவது நானல்ல. அந்தக் கதையைக் கடைசிப் பக்கம் வரை வாசித்த ஒரே ஆள் மேடையில் இருக்கிறார். நல்லதம்பி அண்ணை வந்துவிட்டார், புத்தகம் கொஞ்சம் ஈரம், ஆனாலும் எழுத்துத் தெரிகிறது.

ஏரம்பு மாஸ்டர், எழும்புங்கோ. இந்தாங்கோ புத்தகம். ஆறுதலாய், எல்லாருக்கும் கேக்க வாசியுங்கோ. ஒண்டே ஒண்டு. நாலுபேரிலை ஆரெண்டு தெரிஞ்ச முகத்தோடை வாசிச்சுப் போடாதேங்கோ. நாங்கள் எல்லாரும் உங்கடை முகத்தைத்தான் பாத்துக்கொண்டிருப்பம்.